தங்கையின் பித்தப்பைக்கு நான் சாட்சி

நானும் என் தங்கையும் ஒரே பருமன். கோட்டாற்றில் எங்களுக்கு ஜாக்கெட் தைத்தவர் ஒருத்திக்கு அளவெடுத்து இரண்டு பேருக்கும் தைத்துவிடுவார். பேருந்தில் மூன்று பேர் இருக்கும் சீட்டில் நாங்கள் இருவரும் உட்கார்ந்தால் மூன்றாவது ஆள் நின்றுகொண்டுதான் வரவேண்டும். நாற்பதை நெருங்கும்வரை எங்களுக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

பிறகு அவளுக்குச் சர்க்கரை ஏறியது. முட்டி வலியால் படியேற முடியவில்லை. மஸ்கட்டில் வேலை பார்த்த அவள் கணவர் விசாரித்து, திருவனந்தபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலை மாற்றி இணைக்கும் ஆபரேஷனுக்கு ஏற்பாடு செய்தார். அந்த ஆபரேஷனுக்கு இன்சூரன்ஸ் கிடையாது என்றார்கள். பரவாயில்லை என்று கைப்பணத்தைக் கட்டினார்.

நானும் என் வீட்டுக்காரரிடம் கேட்டுப் பார்த்தேன். எங்கள் மளிகைக் கடையில் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை. "ஒனக்கு என்னத்துக்கு அதெல்லாம்? ராத்திரி சோத்தைக் கொறைச்சா போரும்."

ஒரு வருடத்துக்குள் தங்கை பாதியானாள். கழுத்தெலும்பு தெரிந்தது. ஒருநாள் ஒரு பெரிய பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உள்ளே அவளுடைய பழைய ஜாக்கெட்டுகள்.

"எக்கா, எல்லாம் புதுசாட்டுதான் கெடக்கு. ஒனக்குச் சரியா இருக்கும்."

அன்பாகத்தான் சொன்னாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பையை அலமாரிக்கு மேலே எறிந்தேன். மண்டைக்காடு அம்மன் கோவில் கொடைத் திருவிழாவுக்கு இருவரும் சேர்ந்து போனபோது தூரத்து உறவுக்காரி ஒருத்தி அவளைக் காட்டி என்னிடம், "இது ஒனக்க மவளா?" என்று கேட்டாள். தங்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். திரும்பும்போது பேருந்தில் நான் வேறு சீட்டில் போய் உட்கார்ந்தேன்.

அதற்கடுத்த வருடம் ஒரு மத்தியானம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தாள். கண் மஞ்சளாகிவிட்டது. பித்தப்பையில் கல். அதில் ஒன்று நழுவிப் பித்தக்குழாயை அடைத்திருந்தது. பழைய ஆபரேஷனில் குடலை மாற்றி இணைத்திருந்ததால், வாய் வழியாகக் குழாய் விட்டுக் கல்லை எடுக்க முடியாது, வயிற்றைத் திறக்கத்தான் வேண்டும் என்றார் டாக்டர். அவள் கணவர் அடுத்த விமானத்தில் வந்து இறங்கினார். ஆபரேஷன் முடிந்ததும் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, ஸ்பூனில் கஞ்சி கொடுத்தார். எனக்கும் முன்பொரு முறை கல் வந்து பித்தப்பையை எடுத்திருக்கிறார்கள். அப்போது மறுநாள் காலையிலேயே என் வீட்டுக்காரர் கடை திறக்கப் போய்விட்டார். தங்கை பிழைக்க வேண்டுமே என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டே, அந்த ஸ்பூனைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தேன்.

இந்த முறையும் இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரித்தது. எடை குறைக்கும் ஆபரேஷனால் வந்த சிக்கல் இது, பாலிசியில் சேராது என்றார்கள். அதைக் கேட்டபோது எனக்குள் ஏதோ ஒன்று நிம்மதியாகக் கால் நீட்டி உட்கார்ந்தது உண்மை. எல்லாமே அவளுக்கு வாய்த்துவிடாது என்று நினைத்தேன்.

அவள் விடவில்லை. தையல் ஆறியதும் பாலிசியை மடியில் வைத்து வரி வரியாகப் படித்தாள்.

"பருமனுக்கு உள்ள சிகிச்சை சேராதுன்னுதான் போட்டிருக்கு எக்கா. பித்தப்பைக் கல்லு சேராதுன்னு எங்க போட்டிருக்கு?"

கம்பெனிக்கு எழுதினாள். மறுத்தார்கள். இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளருக்கு எழுதினாள். சென்னைக்கு விசாரணைக்கு வரச் சொன்னார்கள். வக்கீல் கூடாது, அவளேதான் பேச வேண்டும். அதற்குள் அவள் கணவர் லீவு முடிந்து மஸ்கட்டுக்குப் போயிருந்தார்.

"எக்கா, நீ கூட வாறியா? ஒனக்க ஆஸ்பத்திரிச் சீட்டையும் எடுத்துக்கோ."

"எனக்க சீட்டு என்னத்துக்குட்டி?"

"வா, சொல்லுகேன்."

சொல்லவில்லை. விசாரணை அறையில் கம்பெனி அதிகாரி பேசி முடித்த பிறகுதான் எனக்கே புரிந்தது. "வேகமா எடை குறைஞ்சா பித்தப்பையில கல் வரும் சார். இது எல்லா டாக்டருக்கும் தெரிஞ்ச விஷயம்" என்றார் அவர்.

தங்கை என் பக்கம் கையைக் காட்டினாள். "இது எனக்க கூடப்பொறந்த அக்கா சார். இவளுக்கு எந்த ஆபரேஷனும் இல்லாமலே கல்லு வந்துச்சு. எங்க அம்மைக்கும் வந்துச்சு. எனக்கு வந்தது மட்டும் ஆபரேஷனாலன்னு இவரு எப்படிச் சொல்லலாம்?"

அறையிலிருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

விசாரித்தவர் என் சீட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "கல் வர்றதுக்கு முன்னாடி உங்களுக்கு எடை ஏதாவது குறைஞ்சுதாம்மா?"

"இல்ல சார். கூடிச்சு."

முதலில் சிரித்தது கம்பெனி அதிகாரிதான். நானும் சிரித்துவிட்டேன்.

ஊருக்குத் திரும்பும் ரயிலில் மூன்று தோசை வாங்கியிருந்தேன். தங்கை அரை இட்லியைப் பிட்டுப் பிட்டு மென்றுகொண்டிருந்தாள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று, "ஒன்னப் பாத்தா பொறாமையாட்டு இருக்கு எக்கா" என்றாள்.

"எதுக்குட்டி?"

"வயிறு நெறையத் தின்னுட்டு ஒறங்குதல்லா. எனக்கு ஒரு வாய் கூடினா திரும்ப வந்துரும். கல்யாண வீட்டுல எல போட்டா பயமாட்டு வருது."

அவளுக்காக நான் வருத்தப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அத்தனை வருடத்தில் அவ்வளவு சந்தோஷமாக நான் சாப்பிட்டதே இல்லை. மூன்றாவது தோசையை ஆற அமர, சட்னியை வழித்துத் தின்றேன்.

சில மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. கல் அந்த ஆபரேஷனால் மட்டுமே வந்தது என்று கம்பெனி நிரூபிக்கவில்லை, செலவில் பெரும்பகுதியைக் கொடுக்க வேண்டும் என்றிருந்தது. கொடுத்தார்கள். முதலில் எனக்குத்தான் போன் செய்து அழுதாள். நானும் அழுதேன்.

போனை வைத்த பிறகு நெடுநேரம் அவளையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் கழுத்தெலும்பின் மேல் இப்போது எனக்குப் பெரிதாகப் பொறாமை இல்லை. அந்த அறையில், வக்கீல் துணைகூட இல்லாமல், குரல் நடுங்காமல் அவள் பேசினாளே, அது எனக்கு எந்த ஆபரேஷனிலும் வராது.