ரெண்டுபக்க டீச்சர்

பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் ‘ரெண்டுபக்க டீச்சர்’. சமன்பாடு என்று ஆரம்பித்தாலே, “இந்தப் பக்கம் என்ன செஞ்சியோ, அந்தப் பக்கமும் அதையே செய். ஓரவஞ்சனை கூடாது” என்பார்.

மூளையில் ரத்தம் உறைந்து ஆஸ்பத்திரியில் கிடந்து, கைகால் தேறி வகுப்புக்குத் திரும்பிய அன்று, பலகையின் வலது ஓரத்தில் நெருக்கியடித்து 3x + 5 = 20 என்று எழுதினார். இருபக்கமும் ஐந்தைக் கழிக்க வேண்டும். இருபதை அழித்துப் பதினைந்து போட்டார். சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார்.

“டீச்சர், அந்தப் பக்கம் ப்ளஸ் அஞ்சு அப்படியே இருக்கு.”

“எங்க இருக்கு?”

விளையாடுகிறார் என்று நினைத்து வகுப்பே சிரித்தது. டீச்சர் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். சிரிப்பு தானாக அடங்கியது.

கண்ணில் கோளாறில்லை என்றார் டாக்டர். “இடப்பக்கம்னு ஒண்ணு இருக்கிறதையே மூளை மறந்துடுது. தலையைத் திருப்பித் தேடிப் பழகணும்.” சாப்பாட்டுத் தட்டில் ஏன் எப்போதும் இடது பாதி மிச்சமாகிறது என்று டயர் கடை வைத்திருக்கும் கணவருக்கு அப்போதுதான் புரிந்தது.

தேறி வர தலைமையாசிரியை ஒரு மாதம் கெடு கொடுத்தார். மாலைதோறும் சமையலறை மேசையில் கணக்கு நடந்தது. கணவர் இடப்புறம் உட்கார்ந்து மேசையைத் தட்டுவார். சத்தம் வந்த பக்கம் டீச்சரின் தலை திரும்பும், விட்டுப்போன எண் அகப்படும். தட்டாவிட்டால் அகப்படாது.

“இத்தனை வருஷம் தொண்டை கிழியக் கத்தினேன். எனக்கே வரலியே” என்று ஒருநாள் பேனாவைப் போட்டுவிட்டு அழுதார்.

“அதான் நான் தட்டுறேன்ல.”

“கிளாஸுக்கு வந்து தட்டுவீங்களா?”

கணவர் பேனாவை எடுத்து மறுபடி அவர் கையில் வைத்தார்.

கெடு முடிவதற்கு முந்தின மாலை, “இன்னைக்குத் தட்டாதீங்க” என்றார் டீச்சர். கணவர் புத்தகத்தைப் பார்த்து 7x − 4 = 31 என்று தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, கைகளை மடியில் கோத்துக்கொண்டார். டீச்சர் கழுத்தை மெல்லத் திருப்பினார். மைனஸ் நான்கு அகப்பட்டது, x அகப்பட்டது. முகம் மலர்ந்தது. அதற்குமேல் கழுத்து திரும்பவில்லை. மடமடவென்று நான்கைக் கூட்டி, x = 35 என்று எழுதினார்.

“சரிதானே? இந்தத் தடவை ரெண்டு பக்கமும் செஞ்சேன்.”

“ஏழு இருக்கும்மா.”

“எந்த ஏழு?”

கணவர் டீச்சரின் விரலைப் பிடித்து ஏழின்மேல் வைத்தார். டீச்சர் வெகுநேரம் அதை எடுக்கவே இல்லை.

காலையில் கணவரே பள்ளிக்குப் போன் செய்து, வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.