பெனால்ட்டிக்கு முதுகைத் திருப்பிய அப்பா

கரும்புச் சாறு துணியில் பட்டுக் காய்ந்தால் அந்த இடம் கஞ்சி போட்டதுபோல் விறைத்துப்போகும், சரியாக அலசாமல் கொடியில் போட்டால் ஒரு மணி நேரத்துக்குள் எறும்பு வரிசை கட்டி வந்துவிடும், தட்டினாலும் போகாது, தையல் மடிப்புக்குள் புகுந்துகொள்ளும். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், ரங்கூனை ஒட்டிய இன்சீனில் எங்கள் வீட்டுக் கொடியில் தொங்கிய அப்பாவின் வெள்ளை அரைக்கைச் சட்டையில் அந்த எறும்புகளை ஒரு காலை முழுக்க நின்று பார்த்தவள் நான். சாற்றை அந்தச் சட்டையின்மேல் எறிந்தவளும் நான்தான். இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லாததை இப்போது எழுதும்போதும் கை கூசுகிறது, ஆனாலும் எழுதித்தான் ஆகவேண்டும்.

அப்பாவுக்கு ஞானஸ்நானப் பெயர் அருளப்பன், வெளியே ஊ பா தெய்ன். எனக்கு வீட்டில் மேரி, பள்ளிக்கூடத்தில் மா தீரி. ரங்கூனில் எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்களில் எல்லோருக்கும் இப்படி இரண்டு பெயர் உண்டு, செருப்பை வாசலில் கழற்றுகிற மாதிரி ஒன்றைக் கழற்றிவிட்டு இன்னொன்றோடு உள்ளே வருவோம். அப்பா க்யிம்யிண்டைங் படகுத்துறையில் ஓர் அரிசி வியாபாரியிடம் மூட்டை ஏற்றி இறக்குவதை மேற்பார்வை பார்த்தார். காலையில் நகரத்தைச் சுற்றிவரும் வட்ட ரயிலில் போய் மாலையில் அதே ரயிலில் திரும்புவார். அவர் பிறந்தது இன்சீனில், அவருடைய அப்பா பிறந்ததும் இன்சீனில். ஆனாலும் அவர் பையில் இருந்த அடையாள அட்டை அவரை வெளிநாட்டவர் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. அதைப்பற்றி அவர் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. பர்மா அணி பந்தாட்டத்தில் தோற்றால் மட்டும் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடமாட்டார்.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. இளைஞராக இருந்த காலத்தில் பர்மாவுக்கு ஒரு பெனால்ட்டி கிடைத்தபோது, கூட்டத்தில் நழுவிய செருப்பைத் தேடுவதற்காகத் திரும்பிக் குனிந்தாராம், நிமிர்வதற்குள் கோல் விழுந்துவிட்டதாம். அன்றிலிருந்து பர்மாவுக்குப் பெனால்ட்டி என்றால் எழுந்து நின்று மைதானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வார். "நான் பாத்தா பந்து உள்ள போவாது" என்பார். எங்கள் தெரு முனைத் தேநீர்க் கடையில், "லபெயே" கடை என்போம், தொலைக்காட்சியில் ஆட்டம் ஓடும்போது இது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. பெனால்ட்டி விசில் ஊதியதும் கடை முழுக்க, பர்மாக்காரர், சீனர், எங்கள் ஆட்கள் எல்லாரும், "ஊ பா தெய்ன், திரும்பு, திரும்பு" என்று மேசையைத் தட்டுவார்கள். அப்பா பெருமையோடு எழுந்து, லுங்கியை இறுக்கி முடிந்துகொண்டு, தெருவைப் பார்த்து நிற்பார். கோல் விழுந்தால் அவருடைய தேநீருக்குக் கடைக்காரர் காசு வாங்கமாட்டார்.

எனக்குப் பதின்மூன்று வயதானபோது இந்தியாவிலிருந்து ஓர் அணி ரங்கூனுக்கு ஆட வந்தது. வீட்டில் சண்டை ஒரு வாரம் முன்பே தொடங்கிவிட்டது. மாவ்பியில் காய்கறிக் கடை வைத்திருந்த அந்தோணி மாமா, அம்மாவின் அண்ணன், அதற்கென்றே ரயிலேறி வந்து எங்கள் வீட்டில் தங்கினார்.

"அவங்க டீம்ல ஒரு தமிழ்ப் பையன் இருக்கானாம் மச்சான். நம்ம ரத்தம். அவனுக்குக் கை தட்டாம வேற யாருக்குத் தட்டுவே?"

"ரத்தம் எல்லாவனுக்கும் செவப்புதான்யா. எனக்கு ஊரு இன்சீன்."

"இன்சீனு! உன் அட்டைய எடுத்துப் பாரு, உன்னைய யாருன்னு போட்டிருக்குன்னு."

"அட்டை அடிச்சவன் என்னைக் கேட்டா அடிச்சான்? போவியா, பேச வந்துட்டான்."

அம்மா சோற்றைத் தட்டில் போட்டபடி இரண்டு பேரையும் அதட்டினாள். அவளுக்கு யார் ஜெயித்தாலும் ஒன்றுதான், பயம் வேறு. "எந்தக் கட்சி வேணாலும் சேருங்க. அங்க போயி தமிழ்ல மட்டும் கத்தாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்." அப்பா சிரித்தார். "சாதாரணமா இருந்தா பர்மா பாஷைதான் வரும் புள்ள. கோல் போஸ்ட்டு கிட்ட பந்து போச்சுன்னா வாயி தானா தமிழுக்குத் திரும்பிக்குதே, நான் என்ன செய்ய?"

மாமாவுக்கு அன்று காலையிலேயே வயிறு சரியில்லாமல் போய்விட்டதால் அப்பா தனியாகத்தான் போனார். நான் பள்ளிக்கூடத்தோடு போனேன். காலரி நிறைந்து தெரியவேண்டும் என்பதற்காக எங்கள் பள்ளியிலிருந்து இருநூறு பிள்ளைகளை லாரிகளில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். எல்லாருக்கும் வெள்ளைச் சட்டை, பச்சை லுங்கி, கன்னத்தில் மரப்பட்டையை அரைத்த தனக்காப் பூச்சு, கையில் ஒரு காகிதக் கொடி. கொடிக்கு அடுத்தபடியாக ஆளுக்கொரு கரும்புச் சாற்றுப் பை கொடுத்தார்கள், நொறுக்கிய ஐஸ் போட்டு, ஸ்ட்ரா செருகி, ரப்பர் பேண்டால் வாயைச் சுருக்கியது. என் பக்கத்தில் ஏ மியா உட்கார்ந்திருந்தாள். வகுப்பில் முதல் மாணவி, வெளுப்பாக இருப்பாள், அவள் சிரித்துப் பேசினால் எனக்கு அன்றைய பொழுது நல்ல பொழுது. அவள் பக்கத்தில் இடம் கிடைக்க ஒரு வருஷம் பாடுபட்டிருந்தேன்.

அப்பா எங்களுக்குக் கீழே, ஏழெட்டுப் படி தள்ளி உட்கார்ந்திருந்ததை நான் ஆட்டம் தொடங்கிய பிறகுதான் கவனித்தேன். கவனித்தேன் என்ன, குரல் கேட்டது. "தள்ளிக் குடுறா! விடாதே, விடாதே! அய்யோ, பாவி, கோட்டை விட்டுட்டானே!" பர்மா அணிக்காகத்தான் அடித்துக்கொண்டார், ஆனால் தமிழில். சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுக்குக் கேட்டதெல்லாம் ஒரு கறுத்த மனிதர் இந்திய மொழி ஒன்றில் கத்துவது மட்டும்தான். "கலா" என்று யாரோ சொன்னார்கள். எங்களைப் போன்ற முகமுள்ளவர்களைக் குறிக்கும் சொல் அது. லபெயே கடையில் செல்லமாகவும் சொல்வார்கள், அன்று சொன்னது அப்படி இல்லை. நான் ஸ்ட்ராவைக் கடித்துக்கொண்டு மைதானத்தையே பார்த்தேன்.

ஆட்டம் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது பர்மாவுக்குப் பெனால்ட்டி கிடைத்தது. அரங்கமே எழுந்து கூவிவிட்டு, பிறகு மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தது. அப்பா மட்டும் எழுந்து நின்றார். லுங்கியை இறுக்கி முடிந்தார். 'வேண்டாம் அப்பா, இது இன்சீன் இல்லை, உட்காருங்கள்' என்று மனதுக்குள் கெஞ்சினேன். அவர் நிதானமாக, எப்போதும்போல், மைதானத்துக்கு முதுகைக் காட்டி எங்கள் பக்கம் திரும்பி நின்றார்.

அவர்களுக்கு என்ன தெரியும்? பர்மா கோல் போடுவதைப் பார்க்கப் பொறுக்காமல் ஒரு இந்தியாக்காரர் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். "பார்க்கக் கசக்குதோ?" "ஊருக்குப் போய்ப் பாரு, கலா!" சூரியகாந்தி விதைத் தோல் வந்து விழுந்தது, காகிதம் விழுந்தது. அப்பா புரியாமல் சிரித்தார். லபெயே கடையில் மேசை தட்டுவதுபோல இங்கேயும் உற்சாகப்படுத்துகிறார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, தலையை ஆட்டி, கையைக்கூட உயர்த்தினார்.

ஒரு வாக்கியம் போதும். 'அவர் எங்கள் அப்பா, பர்மா ஜெயிக்கவேண்டும் என்றுதான் திரும்பி நிற்கிறார்.' பர்மா மொழி எனக்கு ஏ மியாவுக்கு இணையாக வரும். அந்த நேரத்தில்தான் ஏ மியா என் காதருகே குனிந்து கேட்டாள், கேலியாகக்கூட இல்லை, சும்மாதான் கேட்டாள்: "அந்த ஆளை உனக்குத் தெரியுமா?"

"எனக்கெப்படித் தெரியும்? ஊரில் இருக்கிற கலா எல்லாரையும் எனக்குத் தெரியுமா?"

அந்தச் சொல்லை என் வாயால் அதற்கு முன்பு நான் சொன்னதே இல்லை. சொன்னது போதவில்லை, இன்னும் ஏதாவது செய்துகாட்டவேண்டும், இல்லாவிட்டால் இவள் என் முகத்தையும் அந்த முகத்தையும் சேர்த்துப் பார்த்துவிடுவாள் என்று ஒரு பதைப்பு. பாதி குடித்திருந்த சாற்றுப் பையை எறிந்தேன். எனக்குக் குறி பார்க்கவே வராது. அன்று குறி தப்பவில்லை. பை அப்பாவின் நெஞ்சில் பட்டு உடைந்து, சாறு சட்டை முழுக்க வழிந்தது. என்னைச் சுற்றி எல்லாரும் ஹோவென்று சிரித்தார்கள். ஏ மியா என் தோளைத் தட்டினாள். அப்பா சிரிப்பை நிறுத்திவிட்டு மேலே பார்த்தார். நான் சட்டென்று அவள் முதுகுக்குப் பின்னால் குனிந்து, செருப்பைச் சரி செய்கிற மாதிரி தலையைத் தாழ்த்திக்கொண்டேன்.

கோல் விழுந்தது அந்த நொடியில்தான். அவர் முதுகுக்குப் பின்னால், அவர் நம்பியபடியே. அரங்கம் அதிர்ந்தது. நான் நிமிர்ந்தபோது அப்பா மைதானத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அதன் பிறகு தமிழிலும் கத்தவில்லை, பர்மா மொழியிலும் கத்தவில்லை.

வீட்டுக்கு வந்தபோது எனக்கு முன்னாலேயே வந்திருந்தார். எப்போதும் ஆட்டத்திலிருந்து எனக்கு வாங்கிவரும் சூரியகாந்தி விதைப் பொட்டலம் மேசைமேல் இருந்தது. மாமா போர்வைக்குள்ளிருந்து, "உங்காளு ஜெயிச்சுட்டானாமே" என்றார். "ஆமா, ஜெயிச்சாச்சு" என்றார் அப்பா. 'நாம ஜெயிச்சுட்டோம்' என்றுதான் எப்போதும் சொல்வார். அம்மா சட்டையைப் பார்த்துவிட்டுப் பதறினாள்.

"என்ன இது, நெஞ்செல்லாம் பிசுபிசுன்னு?"

"சாறு விக்கிறவன் இடிச்சுட்டான். கூட்டம்ல."

"கழட்டிப் போடுங்க, மேரி அலசிப் போடுவா."

"வேணாம், புள்ள படிக்கட்டும். நானே அலசிக்கிறேன்."

அப்பா துணி துவைத்து அம்மாவே பார்த்ததில்லை. அன்று கிணற்றடியில் குந்தி உட்கார்ந்து, தெரியாத வேலையைத் தப்பும் தவறுமாகச் செய்து கொடியில் போட்டார். எறும்பு வந்தது அதனால்தான். நான் படித்த எல்லாவற்றையும் தினமும் விசாரிப்பவர், எங்கே உட்கார்ந்தாய், ஆட்டம் எப்படியிருந்தது என்று அன்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டேன், அதை நினைத்தால்தான் இன்று எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது. விதைப் பொட்டலத்தைப் பிரித்துத் தின்னவும் தின்றேன்.

அதன் பிறகு அப்பா அரங்கத்துக்குப் போகவே இல்லை. முழங்கால் வலி என்றார். லபெயே கடையில் "திரும்பு, திரும்பு" என்று மேசையைத் தட்டினால், கழுத்துப் பிடித்துக்கொண்டது என்று சொல்லி உட்கார்ந்தபடியே தேநீரை ஊதிக் குடித்தார். நாலைந்து தடவைக்குப் பிறகு அவர்களும் தட்டுவதை விட்டுவிட்டார்கள். அவரை அடக்கம் செய்யும் வரைக்கும் அந்த அட்டையும் மாறவில்லை. இத்தனைக்கும் ஒரே சமாதானம்தான் என்னிடம் இருந்தது. இருநூறு பிள்ளைகள், ஒரே சட்டை, ஒரே லுங்கி, ஒரே தனக்கா. அந்தக் கூட்டத்தில் என்னை அவர் எப்படிப் பார்த்திருக்க முடியும்? அதிலும் நான் குனிந்துகொண்டேனே.

போன மாதம் என் மகனை அதே அரங்கத்துக்கு அழைத்துப்போனேன். நாங்கள் உட்கார்ந்த சிமெண்டுப் படிகள் இப்போது இல்லை, அங்கே பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகப் பதித்திருக்கிறார்கள். இன்சீன் லபெயே கடை கைப்பேசி விற்கும் கடையாகிவிட்டது, மேசை தட்டியவர்களில் பாதிப் பேர் இல்லை. ஏ மியா சிங்கப்பூரில் இருப்பதாகக் கேள்வி. ஆட்டத்தின் நடுவே நம் அணிக்குப் பெனால்ட்டி கிடைத்தது. ஏனென்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது, எழுந்து நின்று மைதானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பினேன். "அம்மா, என்னம்மா இது, உக்காருங்க, எல்லாரும் பாக்குறாங்க" என்று என் மகன் சேலையைப் பிடித்து இழுத்தான்.

மேலே ஒரு பள்ளிக்கூடக் கூட்டம், அதே வெள்ளை, அதே பச்சை. எனக்குப் பார்வை அப்பாவைப்போல் கூர்மையில்லை, கண்ணாடி வேறு. ஆனாலும் ஒவ்வொரு முகமும் தனித்தனியாகத் தெரிந்தது. யார் நகம் கடிக்கிறாள், யாருக்குத் தனக்கா கலைந்திருக்கிறது என்பது வரைக்கும் தெரிந்தது. எல்லா முகங்களும் பந்தைப் பார்த்து நிமிர்ந்திருந்தன. ஒரே ஒரு பெண் மட்டும் எதையோ எடுக்கக் குனிந்திருந்தாள். அத்தனை பேரில் என் கண்ணில் முதலில் பட்டது அந்தக் குனிந்த தலைதான்.