மீசைக்காரர் நேரில் வந்தபோது

இரும்புக் கடையில் பில் போடும் அந்த மனுஷனுக்குக் காது மந்தமானதை ஊரே கண்டுபிடித்த பிறகுதான் அவர் ஒப்புக்கொண்டார். காதில் மெஷின் மாட்டியும் சத்தம் கேட்டதே தவிர, சொல் பிடிபடவில்லை. வீட்டில் தினமும் மல்லுக்கட்டு. மனைவியை வாயைத் திறந்து பேசச் சொல்வார். திறந்தால், ஏன் கத்துகிறாய் என்பார். பாவம், அவள்தான் என்ன செய்வாள்?

காது மந்தமானவர்களின் வாட்ஸப் குழுவில் சேர்ந்ததும் ஆளே மாறிப்போனார். மெஷினை ஈரத்திலிருந்து காப்பது முதல் உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடிப்பது வரை அங்கேதான் கற்றுக்கொண்டார். பதிலுக்கு அவர் கொடுத்தது நக்கல். அவர் எழுதினால் குழுவே விழுந்து விழுந்து சிரிக்கும். படத்தில் முகத்தைவிட மீசை பெரிதாக இருந்ததால் மீசைக்காரர் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

எல்லோரும் நேரில் கூடும் நாள் வந்தது. காலையிலிருந்தே அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. சட்டையை மாற்றினார், மறுபடி மாற்றினார். எத்தனையோ காலம் கழித்து நாலு பேர் நடுவில் வாய்விட்டுப் பேசப்போகிறோம், சொதப்பிவிட்டால் என்ற பயம்.

பேசுகிறவர் கையைத் தூக்கி, எல்லாக் கண்ணும் திரும்பும்வரை காத்திருப்பது அவர்கள் வழக்கம். தூக்கினார். திரும்பினார்கள். மனைவி திட்டுகிறாள் என்று மெஷினைக் கழற்றிவைத்து, அவள் பாராட்டியதைக் கோட்டைவிட்ட கதையை எடுத்துவிட்டார். ஒரு முகத்திலும் அசைவில்லை. கத்திச் சொன்னார். ம்ஹூம்.

குழுவை நடத்தும் அக்கா அவருக்கு நேரே வந்து நின்று, நிதானமாகச் சொன்னார்.

"தப்பா நெனைக்காதீங்கண்ணே. மீசை உதட்டை மறைக்குது. நீங்க பேசுறது யாருக்கும் தெரியல."

முகம் சுண்டிப்போய் வெளியே வந்தார். வீட்டுக்குப் போகவும் மனமில்லை, உள்ளே போகவும் கூச்சம். வாசலில் குட்டி போட்ட பூனை மாதிரி நடந்தார். கல்யாணத்துக்கு முன்னாலிருந்து வளர்த்த மீசை ஆயிற்றே! கடைசியில், வருவது வரட்டும் என்று எதிரே இருந்த சலூனுக்குள் நுழைந்துவிட்டார்.

திரும்பி வந்து கையைத் தூக்கியபோது யாருக்கும் அடையாளமே தெரியவில்லை. அதே கதையைச் சொன்னார். கூடமே அதிர்ந்தது.

பின்வரிசையில் ஒரு அம்மாள் மட்டும் பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்துவிட்டு, சற்றுத் தாமதமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு மீசைக்காரருக்கு அத்துப்படி. கடையில் பேச்சு பிடிபடாதபோதெல்லாம் வருஷக்கணக்காக அவரே சிரித்ததும் அதே சிரிப்புதான்.

நேரே போய், அந்த அம்மாளுக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"புரியலைன்னா சிரிக்க வேணாம்மா. இன்னொரு தடவை சொல்றேன்."