குங்குமச் சிமிழுக்குள் ஒரு சாவி

சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத பித்தளைச் சாவி அது. அதன் பல்லிடுக்கெல்லாம் குங்குமம் அப்பிக் கிடந்தது. அத்தானை நினைத்தால் அவருடைய முகத்துக்கு முன்னால் அந்தச் சிவந்த சாவிதான் ஞாபகத்துக்கு வருகிறது, கூடவே கோபமும். செத்தவரைப் பற்றிக் கோபமாக எழுதக் கூடாது என்பார்கள். ஏன் கூடாது? செத்தவீட்டில் மைக்கைப் பிடித்தவர்கள் எல்லாரும் அவரைத் தங்கமான மனிதர் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள். மிச்சத்தை நான் சொல்கிறேன்.

அத்தான் என் அக்காவின் கணவர். ஊரில் சண்டை பெரிதாக மூளுவதற்கு முன்பே ரொறொன்ரோ வந்து, அங்கே ரூஜ் பகுதியில் இரட்டைக் கராஜ் வைத்த வீடு வாங்கியவர். என்னை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டதும் அவர்தான்; அதை நான் மறக்கவில்லை. ஆனால் ஒன்றைத் தலைக்குள் போட்டுக்கொண்டால் லேசில் இறக்கமாட்டார். ஒரு கோடையில் அவர்கள் தெருவில் ஒரு தமிழ் வீட்டை உடைத்து, தாலிக்கொடி உட்பட நகை முழுவதையும் அள்ளிக்கொண்டு போனார்கள். தமிழர் வீட்டில் தங்கம் இருக்கும் என்பது கள்ளருக்கும் தெரிந்துபோயிற்று. அயலவர்கள் நகையை வங்கிப் பெட்டகத்தில் வைத்தார்கள், வாசலில் கமெரா பூட்டினார்கள். அத்தான் பிஸ்டல் வாங்கப் போவதாக அறிவித்தார்.

அக்கா ஒரேயொரு தடவைதான் வாய் திறந்தாள். "எனக்கு உது வீட்டுக்குள்ளை வேண்டாமப்பா." அத்தான் சிரித்தார். "உனக்கு ஒண்டும் விளங்காது. உன்ரை நல்லதுக்குத்தானே வாங்கிறன்." அவளுக்கா விளங்காது? ஊரில் பத்தொன்பது வயதில் சோதனைச் சாவடியில் அவளை மறித்த சிப்பாய் பொட்டை அழிக்கச் சொன்னான். அவள் அழிக்காமல் நின்றபோது துவக்கின் முனையாலேயே அதைத் தேய்த்து அழித்தான். அந்த இரும்பின் குளிர் இன்னும் நெற்றியில் இருக்கிறதென்று அக்கா சொல்லுவாள். கல்யாணமான புதிதிலேயே அத்தானிடமும் சொல்லியிருக்கிறாள். துவக்கைப் படத்தில் மட்டும் பார்த்தவர், துவக்கு நெற்றியில் பட்டவளுக்கு விளங்காது என்கிறார்! துவக்கு லைசென்ஸுக்கு மனைவியின் கையெழுத்து வேண்டியிருந்தது. மோர்கேஜ் பத்திரங்களில் வாங்கியதைப் போலவே, அடுப்படியில் நின்றவளிடம் பேனையை நீட்டி அதையும் வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு எந்தக் கொண்டாட்டத்துக்குப் போனாலும் இதே கதைதான். பிறந்தநாள் ஹோலில் கொத்துரொட்டியைச் சாப்பிட்டுக்கொண்டே, பழைய கார் வாங்குவது பற்றிப் பேசுகிற மாதிரி ஆளுக்கொரு புத்தி சொன்னார்கள். சின்னக் குண்டு போடுகிறதை வாங்கினால் குண்டுச் செலவு குறைவாம். துருக்கியில் செய்தது மலிவாம், ஆனால் குண்டு சிக்கிக்கொள்ளவும் செய்யுமாம். பழசு வாங்கினால் இன்னும் குறைவாம். இவ்வளவு பேரையும் கேட்ட மனிதர், பக்கத்துக் கதிரையில் கையில் கேக் தட்டோடு இருந்தவளைக் கேட்கவில்லை.

கைத்துப்பாக்கி விற்பனையை அரசாங்கம் நிறுத்தப்போகிறது என்று செய்தி வந்ததும் அவருக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. ஒரு சனிக்கிழமை என்னை வீட்டில் இறக்கிவிடுவதாகக் கூட்டிக்கொண்டு போனவர், வழியில் காரைத் துவக்குக் கடைக்குத் திருப்பினார். உள்ளே தேர்க்கூட்டம். விற்பனையாளர் கண்ணாடி மேசையில் றப்பர் விரிப்பைப் போட்டு மூன்றை எடுத்து வைத்தார். அத்தான் ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிப் பாரம் பார்த்தார். கத்தரிக்காய் வாங்கும்போதுகூட அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. கடைசியில் மூன்றிலும் மலிவானதைப் பிடித்துக்கொண்டு, "முதல்முதல் வாங்கிறவனுக்கு உது காணும், என்ன பிள்ளை?" என்று என் பக்கம் திரும்பினார். முனையும் என் பக்கம் திரும்பியது. விற்பனையாளர் பாய்ந்து அவர் கையைக் கீழே அமத்தினார். வெறும் துவக்குத்தானே என்று அத்தான் சிரித்தார். வெளியே வந்து பஸ் எடுத்து வீடு போனேன்.

இதில் பெரிய பகிடி, அந்தச் சாமானால் வீட்டைக் காக்கவே முடியாது. குண்டு போடாமல், விசையில் பூட்டுப் போட்டு, பூட்டிய பெட்டிக்குள்தான் வைக்க வேண்டும் என்பது சட்டம். லைசென்ஸ் வகுப்பில் படிப்பித்தவர் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். சட்டத்துக்குப் பயந்து பெட்டியைப் பூட்டிய அத்தான், நகை வைக்கிற மூளையோடேயே அதைச் சாமி அறை அலுமாரியின் கீழ்த்தட்டில் வைத்தார். சாவியை அக்காவின் குங்குமச் சிமிழுக்குள் புதைத்தார். "கள்ளன் உதுக்குள்ளை கை வைக்கமாட்டான்" என்று என்னிடம் பெருமையாகவும் சொன்னார். கள்ளன் கை வைக்கமாட்டான், சரி. ஒவ்வொரு நாளும் விடிய அதற்குள் கை வைக்கிறவள் யார்?

சில கிழமைகள் கழித்துப் போனபோது அக்காவின் நெற்றியில் ஒட்டுப்பொட்டு இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு குங்குமம் தவிர வேறெதுவும் வைக்காதவள். ஏனக்கா என்று கேட்டேன். "கையிலை படுது," என்றாள், அவ்வளவுதான். அன்றைக்கு அத்தானோடு நான் போட்ட சண்டை தெருவுக்கே கேட்டிருக்கும். அதற்குப் பிறகும் சாவியை வேறிடத்துக்கு மாற்றவே இல்லை, மனிதர். வாங்கிய பிஸ்டலோடு இரண்டு முறைதான் சுடுகிற கிளப்புக்குப் போனார். பிறகு அதுவும் அலுத்துவிட்டது. விற்பனை நின்றுவிட்டதால் இன்னொருவருக்கு விற்கவும் வழியில்லை. கீழ்த்தட்டில் அது கிடந்தது, மேல்தட்டில் முருகன் இருந்தார், அக்கா ஒட்டுப்பொட்டோடு கும்பிட்டாள்.

போன மாரியில் ஸ்னோ தள்ளிக்கொண்டிருந்தவர் ட்ரைவ்வேயிலேயே விழுந்து போய்விட்டார். அழுதேன். கோபம் போகவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு அத்தானின் தமக்கையார் சாமி அறைக்குள் எட்டிப்பார்த்து, "உந்தக் குங்குமத்தை இனி எடுத்து வை, தங்கச்சி. உனக்கு என்னத்துக்கு?" என்றார். ஒட்டுப்பொட்டும் போன அக்காவின் நெற்றி வெறுமையாக இருந்தது. முதலில் ஒரு சிப்பாய், பிறகு புருசன், இப்போது மச்சாள். ஒரு மனுசியின் நெற்றியில் எத்தனை பேருக்கு உரிமை?

அடுத்த நாள், அந்தப் பிஸ்டலைக் கொண்டுபோகச் சொல்லிப் பொலிசுக்கு நான்தான் போன் பண்ணினேன். வந்தவன் இளம்பெடியன், மரியாதையானவன். பெட்டியின் சாவியைக் கேட்டான். அக்கா சிமிழுக்குள் விரலை விட்டுத் தோண்டி எடுத்து, அப்படியே அவன் கையில் வைத்தாள். அவனுடைய கையுறை சிவந்தது. துருவா என்று ஆங்கிலத்தில் கேட்டான். நான் விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள், கடைக்குப் போனாலும் என்னையே பேசவிடும் அக்கா முந்திக்கொண்டாள்.

"நோ. தட் இஸ் மைன்."

அவன் பெட்டியைத் திறந்து பார்த்து, பூட்டி, அதையும் சாவியையும் எடுத்துக்கொண்டு போனான். கதவு சாத்திய சத்தம் கேட்டதும் அக்கா கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றாள். விரலில் ஒட்டியிருந்த குங்குமத்தை நெற்றியில் வைத்து அழுத்தினாள். சோபாவில் இருந்த தமக்கையார், "ஐயோ, இதென்ன செய்யிறாய்?" என்று எழும்பினார்.

"பொட்டு வைக்கிறன் மச்சாள்," என்றாள் அக்கா. "சிமிழுக்குள்ளை இப்ப என்ரை விரலுக்கு இடமிருக்கு."