நாலரை மணிக் குரல்

என் குரல் எனக்கே பிடிக்காமல் போய் மூன்று வருடம் ஆகிறது. யாராவது என் பேச்சைப் போனில் பதிவு செய்து திருப்பிப் போட்டால் எழுந்து வெளியே போய்விடுவேன். மகள் கேலி செய்கிறாள். அவளிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை.

அப்போது நான் தாண்டிக்குடிப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் மேனேஜர். வேலை செய்தவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். அவர்களில் பலர் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களில் பிறந்தவர்கள். காலையிலும் மாலையிலும் ஷெட் முன்னால் கூடி நிற்பதைப் பெரட்டு என்பார்கள். அப்பன் ஆத்தாள் கப்பலில் கூடவே கொண்டுவந்த சொல். காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பது. மாலைப் பெரட்டில் பறித்த பழத்தை எடை போட்டு, திரும்பவும் பேர் கூப்பிடுவது. கடைசிப் பேருக்கும் பதில் வந்த பிறகுதான் மேஸ்திரி கலையச் சொல்வார். மேஸ்திரிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். அந்த அம்மாள் கூப்பிட்டால் அடுத்த மலைக்காரனும் உள்ளேன் என்பான்.

எனக்கு அந்த மாலைப் பெரட்டு பிடிக்காது. கார்த்திகை மாதத்தில் நாலு மணிக்கே மஞ்சு இறங்கி எதிரில் நிற்பவரை மறைத்துவிடும். நாள் முழுக்கச் சரிவில் நின்று பழம் பறித்தவர்களை முக்கால் மணி நேரம் ஈரத்தில் நிற்க வைத்துப் பேர் கூப்பிடுவது என்ன நியாயம் என்று நினைப்பேன். நல்ல மனசுதான். அந்த நல்ல மனசைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

கம்பெனி ஆப் ஒன்றைக் கொண்டுவந்தது. காலையில் ஷெட்டில் போனுக்கு முகம் காட்டினால் போதும், யாருக்கு எந்த இடம் என்று அதுவே சொல்லிவிடும். இரண்டு பேர் பேசிக்கொண்டே பறித்தால் வேலை குறைகிறதாம், அதனால் ஆளுக்கொரு இடம், தள்ளித் தள்ளி. பழ மூட்டையை ரோட்டோரம் வைத்துவிட்டால் ஜீப் வந்து ஸ்கேன் செய்து ஏற்றிக்கொள்ளும். எடை போட ஷெட்டுக்கு வர வேண்டாம். நேரே வீட்டுக்குப் போகலாம். மேஸ்திரிக்கு ஜீப்பில் ஸ்கேன் அடிக்கிற சோலி. பெரட்டு நின்றது. பெண்கள் முதல் வாரம் சந்தோஷப்பட்டார்கள், நானும்தான்.

அதே மாதம் எங்களைப் போன்ற மேனேஜர்களுக்குக் கொடைக்கானலில், ஏரியைப் பார்த்த ஒரு ஹோட்டலில், இரண்டு நாள் பயிற்சி. தலைப்பு, மனிதர்களை மையமாகக் கொண்ட தலைமை. மெஷின் வரும்போது தலைவன் முகம் மறையக் கூடாது என்றார் பயிற்சி கொடுத்தவர். அந்த மனிதர் ஜன்னலைக்கூடப் பார்க்காமல் திரையையே பார்த்துப் பேசினார். நான் விழுந்து விழுந்து குறிப்பெடுத்தேன். திரும்பி வந்ததும் இரண்டு காரியம் செய்தேன்.

ஒன்று, என் குரல். தினமும் நாலரைக்கு எல்லோர் போனிலும் ஒலிக்கிற மாதிரி ஒரு செய்தி பதிவு செய்து ஆப்பில் போட்டேன். எழுதியனுப்பினால் படிக்காதவர்களுக்குச் சங்கடம், அதனால் பேச்சாகவே. சிக்னல் இல்லாவிட்டாலும் அலாரம் போல அடிக்கும். "வணக்கம். இன்னைக்கு வேலை முடிஞ்சுச்சு. எல்லாரும் பத்திரமா வீட்டுக்குப் போங்க. நாளைக்குப் பார்ப்போம்." நாலு தடவை பேசிப் பார்த்தேன். என் மனைவி, "ரேடியோவுல கூப்பிட்டு வேலை குடுத்துருவாங்க போங்க" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

முதல் நாள் நாலரை மணிக்கு மேட்டு ரோட்டில் நின்று கேட்டேன். மஞ்சுக்குள் ஆள் ஒருவரும் தெரியவில்லை. கீழே ஒரு போனில் என் குரல் தொடங்கியது. அது முடியுமுன் இடப்பக்கம் இன்னொன்று, அதற்கும் கீழே இன்னொன்று. சரிவு முழுக்க நான் பேசிக்கொண்டிருந்தேன். உள்ளுக்குள் ஏதோ சரியில்லை என்று பட்டது. "சார் மரத்துக்கு மரம் நிக்கிறாருடி" என்று ஒருத்தி எங்கிருந்தோ சிரித்தாள். அந்தச் சிரிப்பில் என் சங்கடம் போய்விட்டது.

இரண்டாவது காரியம் அதைவிடப் பெரிய புண்ணியம். வேலை முடிந்து கிளம்பும்போதும் ஆப்பில் முகம் காட்டி 'வெளியே' என்று போட வேண்டும். காலையில் ஷெட்டில் வைஃபை உண்டு. மாலையில் சிக்னல் கிடைப்பது மேல் வளைவில் ஒரே ஒரு பாறையில். முட்டி தேய்ந்த பெண்களெல்லாம் அந்த ஏற்றம் ஏறினார்கள். ஒரு நாள் பாறைக்குப் பக்கத்தில் காட்டெருமை நின்றிருக்கிறது. "எங்க உசுரு போனாலும் 'வெளியே' போட்டுட்டுத்தான் போவணுமா சார்?" என்று ஒரு அம்மாள் என்னிடம் அழுதார். மறுநாள் முதல் நாலரைக்கு நானே ஆபீஸ் கம்ப்யூட்டரில் எல்லோரையும் மொத்தமாகத் தேர்ந்து 'வெளியே' என்று அழுத்தினேன். ஒரே அமுக்கு, எழுபது பேர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். தலைமை ஆபீஸில் என் பெயரைச் சொல்லிப் பாராட்டினார்கள்.

இனி நான் சொல்லப்போகிற பெண்ணுக்கு நாற்பத்தேழு வயது. கணவர் இல்லை. ஒரே மகள் வத்தலக்குண்டில் வாழ்க்கைப்பட்டு எட்டு மாதக் கர்ப்பமாக இருந்தாள். அவளைப் பிரசவத்துக்கு அழைத்து வருவதற்காக இரண்டு நாள் லீவு கேட்டிருந்தார். சாயந்திரம் ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்கப் போவதாக தொழிலாளர் லைன் வீடுகளில் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். ஆப் அன்றைக்கு அவருக்கு ஒதுக்கியது கீழ்ப் பள்ளம். அங்கே வேறு யாரும் இல்லை.

நாலரைக்கு என் குரல் மலை முழுக்கப் பேசியது. நான் அழுத்த வேண்டியதை அழுத்திவிட்டுக் காப்பி குடித்தேன். மழை பிடித்துக்கொண்டது.

மறுநாள் வெள்ளனே, ஏழரை இருக்கும், ஆபீஸ் போன் அடித்தது. அந்தப் பெண்ணின் மகள்தான்.

"சார், எங்கம்மா கெளம்பிட்டாங்களா? நேத்து சாயங்காலமே வாரேன்னாங்க. போன் போகல. மழைக்குப் பயந்து காலைல வருவாங்கன்னு இருந்தேன், மொத பஸ்லயும் வரல."

நான் திரையைப் பார்த்தேன். பெயருக்கு நேரே பச்சையில் எழுதியிருந்தது. "நேத்து நாலரைக்கே கெளம்பிட்டாங்களேம்மா" என்றேன். எவ்வளவு உறுதியாகச் சொன்னேன் என்பது இன்றும் காதில் இருக்கிறது.

மகள் ஓவென்று அழுதாள். நான் ஆறுதல் சொல்லிவிட்டு இறங்கினேன். ஒரு தலைவன் என்னவெல்லாம் செய்ய வேண்டுமோ அத்தனையும் செய்தேன். ஐந்து மணி பஸ் கண்டக்டரைப் பிடித்து விசாரித்தேன். மலை ரோட்டில் வளைவுக்கு வளைவு ஆள் இறக்கி எட்டிப் பார்க்கச் சொன்னேன். வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஜீப், ஆஸ்பத்திரிகளுக்கு இரண்டு பேர், போலீசுக்கு நான். எல்லாம் கீழ்நோக்கி. வீட்டுக்குப் போனவரை வீட்டுக்குப் போகிற வழியில்தானே தேட வேண்டும்? ஒவ்வொரு இடமாக இல்லை இல்லை என்று பதில் வந்தது. எவனோ வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான் என்றுகூட நினைத்தேன். எனக்குத் தெரியாத ஒருவன் மேல் பழி போடுவது எவ்வளவு சுலபமாக இருந்தது.

பதினொரு மணிக்கு மேஸ்திரி ஆபீஸுக்குள் வந்தார். உட்காரவில்லை.

"சார், அது நேத்து கெளம்பினத யாரு பாத்தா?"

"நாலரைக்கு வெளிய போயிருக்கும்மா. இந்தா, சிஸ்டத்துல கெடக்கு பாருங்க."

"சிஸ்டம் கெடக்கட்டும். நீங்க கண்ணால பாத்தீங்களா?"

திரும்பவும் திரையைப் பார்த்தேன். அந்தப் பச்சை எழுத்தை யார் போட்டது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலையிலிருந்து நான் சாட்சியாக நம்பியது என் விரலையேதான். மேஸ்திரி அதற்குள் வெளியே போய், பழைய குரலில், கீழ்ப் பள்ளத்துக்கு ஆள் வரச் சொல்லிக் கூப்பிட்டார்.

செடிகளுக்கிடையே வழுக்கி வழுக்கி இறங்கினோம். மேஸ்திரி அந்தப் பெண்ணின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். ஒரு சில்வர் ஓக் மரத்தில் சாப்பாட்டுப் பை மாட்டியிருந்தது. அதைத் தாண்டி இருபதடியில், மண் சரியாமல் இருக்கக் கட்டிய கல்கட்டு ஈரத்தில் பெயர்ந்து கிடந்தது. அங்கே அந்தப் பெண், கால் முட்டிக்குக் கீழே கல்லுக்கு அடியில். கண் திறந்திருந்தது. உயிர் போய்விட்டது என்றே நினைத்தேன். அப்போது உதடு அசைந்தது. "தண்ணி" என்றார்.

கம்பளியைக் கம்பில் கட்டித் தூக்கி வந்தோம். மதுரை ஆஸ்பத்திரியில் அந்தக் காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

பத்து நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். கையில் ஆரஞ்சுப் பழம், ஹார்லிக்ஸ், அந்தச் சாப்பாட்டுப் பை. அன்று யாரோ அதை எடுத்து ஆபீஸில் வைத்திருந்தார்கள். உள்ளே இருந்த போனுக்கு மேஸ்திரி சார்ஜ் ஏற்றிக் கொடுத்தார். என் தோள் பையில் இன்னொன்றும் இருந்தது. தலைமை ஆபீஸ் அனுப்பிய விபத்துப் படிவம். 'நேரம்' என்ற கட்டத்தில், வேலை நேரத்துக்குப் பிறகு, தொழிலாளி வெளியேறியது மாலை 4.30 என்று டைப் அடித்தே அனுப்பியிருந்தார்கள். அந்தப் பெண்ணும் நானும் கையெழுத்துப் போட்டால் கம்பெனிக்குப் பொறுப்பில்லை, மருந்துச் செலவு முதல் மாற்றுக் கால் வரை அவர் பாடு. "சிஸ்டத்துல அவுட் ஆயிருக்கு, நாம என்ன சார் பண்ண முடியும்?" என்றார் தலைமை ஆபீஸிலிருந்து பேசியவர். நாலரைக்குப் பிறகு ஏதோ சோலியாகத் தங்கியிருப்பார் என்றுதான் நானும் நினைத்தேன். நினைக்க விரும்பினேன் என்பதே சரி.

என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். "படுங்கம்மா" என்றேன். மகள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு ஸ்டூலை எனக்கு நகர்த்தினாள். கொண்டுவந்தவற்றைக் கட்டிலின் காலடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

"கோவிச்சுக்காதீங்க சார். ரெண்டு நாள் வரமாட்டமே, பாதி நிரையில விட்டுட்டுப் போக மனசு வரல" என்றார். நிரை என்றால் செடி வரிசை. அவர்கள் வீட்டுச் சொல்தான் அதுவும். கால் போன பெண் என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் தோள் பையின் ஜிப்பைப் பாதி திறந்திருந்தேன்.

அப்போது மணி நாலரை ஆகியிருக்க வேண்டும், கட்டிலின் காலடியில் என் குரல் கேட்டது.

"வணக்கம். இன்னைக்கு வேலை முடிஞ்சுச்சு. எல்லாரும் பத்திரமா வீட்டுக்குப் போங்க..."

அந்தப் பெண்ணின் கை கட்டில் கம்பியைப் பிடித்தது. விரல் நகமெல்லாம் வெளுத்துவிட்டது. கண் என் மேல் இல்லை, சாப்பாட்டுப் பை மேல் இருந்தது. மகள் ஒன்றும் புரியாமல் பைக்குள் கையை விட்டுத் துழாவினாள். போன் கிடைப்பதற்குள் நான் நாளைக்குப் பார்ப்போம் என்றும் சொல்லி முடித்துவிட்டேன்.

மகள் போனை அணைத்து வைத்தாள். பிறகு அவரே சொன்னார், குரலில் கோபமே இல்லாமல்.

"அன்னைக்கும் இப்பிடித்தேன் சார். கல்லு விழுந்து கொள்ள நேரம் கத்திக்கிட்டே கெடந்தேன். சாயந்திரம் பேர் கூப்பிடுவாக, ஆளக் காணம்னு தேடி வருவாகன்னு ஒரு நெனப்பு. பெரட்டு இல்லைங்கிறதே மறந்து போச்சு பாருங்க. அப்பத்தான் மரத்துல இருந்து உங்க சத்தம். சார் வந்துட்டாருன்னு நெனச்சேன். சார், சார்னு கூப்பிட்டேன். நீங்க வீட்டுக்குப் போகச் சொன்னீங்க."

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அதுக்கப்புறம் நான் கத்தல சார். இனிமே யாரும் வரமாட்டாகன்னு தெரிஞ்சு போச்சு."

நான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருந்தது. நாலரைக்கு முன்னாலேயே விழுந்திருக்கிறார், அவர் கல்லுக்கடியில் கிடக்கும்போதுதான் நான் அவரை வீட்டுக்கு அனுப்பினேன், ஒரு தடவை விரலால், ஒரு தடவை வாயால். இரண்டையும் நல்லது செய்வதாக நினைத்தே செய்தேன்.

படிவத்தை வெளியே எடுத்தேன். அவரிடம் நீட்டவில்லை. மடியில் வைத்து, 'நேரம்' என்ற கட்டத்தில் அடித்திருந்ததைப் பேனாவால் குறுக்கே கோடிட்டு அடித்தேன். வேலை நேரத்தில், நாலரைக்கு முன்பு என்று எழுதினேன். அவர் வெளியேறியதைப் பார்த்தவர் யார் என்று கீழே ஒரு கட்டம் இருந்தது. அதில் மேனேஜர் என்று என் பெயரை டைப் அடித்திருந்தார்கள். அதையும் அடித்துவிட்டு, மேஸ்திரி கேட்டதற்குச் சொல்லாமல் விட்ட பதிலை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நான் பார்க்கவில்லை.