எதிர் அறைக்குப் போன பிரேமலா

மலேசியாவில் ஸ்கூடாய் ஊர்ப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில், விரிவுரையாளர்களுக்குப் பாடக் காணொலி தயாரிக்க உதவுகிற பிரிவில் ஜாக்லின் வேலை செய்தாள். சாஆ என்ற சின்ன ஊரில் பிறந்தவள். அப்பாவுக்குச் செம்பனை ஆலையில் வேலை. படிப்பு முடிந்ததும் ஜொகூர் பாருவில் கல்யாண வீடியோ எடுக்கும் கடை ஒன்றில் சேர்ந்தாள். 'எப்போ கிடைக்கும், எப்போ கிடைக்கும்' என்று பெண் வீட்டார் நச்சரிப்பார்கள். அந்த நச்சரிப்பில் பழகிய விரல்கள் அவளுடையவை. மற்றவர்கள் எங்கே வெட்டுவது என்று யோசித்து முடிப்பதற்குள் அவள் வெட்டி ஒட்டி முடித்துவிடுவாள்.

கொரோனாவால் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து வகுப்புகளெல்லாம் இணையத்துக்கு மாறிய காலத்தில் அவளுக்கு ராஜ மரியாதை. முப்பது வருஷம் கரும்பலகைக்கு முன்னால் கர்ஜித்த பேராசிரியர்கள்கூடக் கைப்பேசியின் கேமராவைப் பார்த்து உளறினார்கள். "ஜாக்லின், தோலோங்லா, கொஞ்சம் உதவி பண்ணு, ஒண்ணும் புரியல" என்று அழைப்புக்கு மேல் அழைப்பு. பதிவு செய்ததை அப்படியே அவளுக்கு அனுப்பிவிடுவார்கள். இருமலையும் தடுமாற்றத்தையும் நீக்கி, படங்களைச் சேர்த்து, மறுநாள் அவள் பாடமாகத் திருப்பிக் கொடுப்பாள்.

பிரேமலா அவளிடம் வந்து சேர்ந்தது கட்டுப்பாடு கொஞ்சம் தளர்ந்த சமயத்தில்தான். மண் பொறியியல் விரிவுரையாளர். படித்த படிப்புக்கும் அவளுடைய கேமரா பயத்துக்கும் சம்பந்தமே இல்லை. கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்தால் போதும், கழுத்தெல்லாம் வியர்த்துவிடும். ஜாக்லின் கேமராவுக்குப் பின்னால் நின்று, "என்னைப் பாருங்க டாக்டர். நான் மக்கு. மண்ணு ஏன் சரியுதுன்னு எனக்கு மட்டும் சொல்லுங்க" என்பாள். பிரேமலா அவளைப் பார்த்துப் பேசிப் பேசியே தேறினாள்.

அந்த மாடியில் தமிழ் பேச இரண்டே பேர். வேலை முடிந்ததும் கெண்டீனில் ஒரே மேசை. தீபாவளிக்கு முறுக்கு அங்கிருந்து வரும். கிறிஸ்துமஸுக்குக் கேக் இங்கிருந்து போகும். பிரேமலா மாமியாரைப் பற்றி முணுமுணுப்பதெல்லாம் ஜாக்லின் காதுக்கு மட்டும்தான். "நீங்க இல்லாட்டி நான் என்னக்கா பண்ணுவேன்" என்று ஒவ்வொரு காணொலி முடியும்போதும் சொல்வாள். ஜாக்லின் அதைக் கேட்பதற்காகவே வேகமாக முடித்துக் கொடுத்தாளோ என்னவோ.

போன வருஷம் திமோத்தி வந்தான். சிங்கப்பூரில் ஒரு தயாரிப்பு நிறுவனத்தில் வேலை பார்த்தவன். தினமும் எல்லைப் பாலம் தாண்டிப் போய்வந்து அலுத்துப்போய் இங்கே சேர்ந்திருந்தான். ஜாக்லினைவிடப் பத்து வயதாவது இளையவன். அவனும் தமிழ்ப் பையன், சர்ச்சில் கிட்டார் வாசிப்பவன். எதிர் அறையை அவனுக்குக் கொடுத்தார்கள்.

அவன் வேலை செய்கிற விதத்தைப் பார்த்து முதலில் ஜாக்லின் சிரித்தாள். விரிவுரையாளரைத் தன் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, இவன் பக்கத்தில் கைகட்டி உட்கார்ந்திருப்பான். அவர்கள் ஒன்றுக்கு மூன்று முறை தப்பான இடத்தில் வெட்டுவார்கள். அவன் மௌஸைத் தொடவே மாட்டான். பத்து நிமிஷ வேலை அரை நாள் இழுக்கும்.

"நல்ல வேலைதான். அவங்க செய்றாங்க, இவரு வேடிக்கை பாக்குறாரு" என்று வீட்டில் கணவன் ரோலண்டிடம் சொன்னாள்.

ஒரு நாள் கண்ணாடிக் கதவு வழியே பார்த்தபோது, திமோத்தியின் நாற்காலியில் பிரேமலா உட்கார்ந்திருந்தாள்.

மௌஸ் அவள் கையில். திரையில் ஏதோ தப்பாக ஓடியது போலிருக்கிறது. தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். திமோத்தியும் சிரித்தான். தன் அறையில் பிரேமலா இப்படிச் சிரித்ததாக ஜாக்லினுக்கு ஞாபகமில்லை. தேடிப் பார்த்தாள். நன்றி சொன்னது ஞாபகம் வந்தது, பெருமூச்சு விட்டது ஞாபகம் வந்தது. இந்தச் சிரிப்பு வரவில்லை.

அன்று முதல் அவளுக்கு வேறு வேலை ஓடவில்லை. எதிர் அறையை யார் எப்போது முன்பதிவு செய்திருக்கிறார்கள் என்று கணினியில் பார்ப்பாள். பிரேமலாவின் பெயர் இருந்தால் அந்த நாளே கெட்டுவிடும். தண்ணீர் பிடிக்கப் போகிற சாக்கில் கதவைக் கடப்பாள். உள்ளே தமிழ் கேட்கும். அதுதான் அதிகம் உறுத்தியது. அந்த மாடியில் தமிழ் அவர்கள் இருவருக்கும் சொந்தமான ஒரு அறை மாதிரி இருந்தது. இப்போது மூன்றாவதாக ஒருவன் கேட்காமலே உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டான்.

கெண்டீனில் பிரேமலாவிடம், "புது வாத்தியாரு நல்லா சொல்லிக் குடுக்குறாரா?" என்று கேட்டாள்.

"சும்மா கத்துக்கலாமேன்னுதான்கா. பயங்கர பொறுமைசாலி."

"சம்பளம் வாங்குறவங்க பொறுமையா இருந்துதானே ஆவணும்" என்றாள் ஜாக்லின். பிரேமலா கோப்பியைக் கலக்கிக்கொண்டே பேச்சை மாற்றினாள்.

அந்தச் சமயத்தில்தான் அந்தக் காரியம் நடந்தது. நல்ல பாடக் காணொலிகளைச் சக விரிவுரையாளர்களுக்குப் போட்டுக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று வர இருந்தது. பிரேமலா அதற்காகப் புதிதாக ஒன்று தயாரிக்க நினைத்தாள். கண்ணாடித் தொட்டியில் மணல், அதன்மேல் மரக்கட்டையில் செய்த ஒரு சின்ன வீடு. அடியிலிருந்து தண்ணீர் ஏற ஏற மணல் கஞ்சியாகிறது. வீடு சாய்ந்து முங்குகிறது. இரண்டு வருஷத்துக்கு முன் ஜாக்லின் அதை மிக அழகாகப் படம்பிடித்திருந்தாள். அந்தப் பதிவுகள் அவளிடம்தான் இருந்தன.

"அக்கா, அந்த வீடு முங்குற சீனோட பதிவு வேணும். இந்தத் தடவ நானே எடிட் பண்ணிப் பாக்குறேன்."

'நானே' என்ற சொல்லில் ஜாக்லினுக்குத் திமோத்தியின் குரல்தான் கேட்டது.

"தேடிப் பாக்குறேன் டாக்டர்" என்றாள். பதிவு எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள். மறுபடி கேட்டபோது, "அந்த ஹார்ட் டிஸ்க் கெட்டுப்போச்சு போல. தொறக்க மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டாள். சொல்லும்போது அந்த டிஸ்க் அவள் கணினியில் செருகியபடியே நீல விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. பிரேமலாவின் பார்வை ஒரு கணம் அதன்மேல் விழுந்தது. பிறகு, "பரவால்லக்கா" என்று போய்விட்டாள்.

இப்போது திரும்பி வருவாள், நீங்களே பார்த்துச் செய்து கொடுங்கள் என்பாள் என்று ஜாக்லின் காத்திருந்தாள். பிரேமலா வரவில்லை. ஆய்வுக்கூடத்தில் மறுபடி மணல் நிரப்பி, கைப்பேசியை ஒரு கம்பியில் கட்டி, தானே படம்பிடித்தாள்.

நிகழ்ச்சியன்று ஜாக்லின் கடைசி வரிசையில் உட்கார்ந்து, எங்கெங்கே தப்பு என்று பார்த்துக்கொண்டிருந்தாள். தப்புக்குக் குறைவில்லை. பின்னால் கூரைக் காற்றாடிச் சத்தம். ஓரிடத்தில் வெட்டு தாமதம். ஒரு காட்சியில் பிரேமலாவின் கட்டைவிரல். ஆனால் வீடு சாயும்போது திரைக்கு உள்ளிருந்து, "ஆ, பாத்தீங்களா!" என்று பிரேமலாவே துள்ளினாள். அரங்கமே சிரித்தது. ஜாக்லின் எடுத்திருந்தால் அந்தச் சத்தத்தை முதல் வேலையாக நீக்கியிருப்பாள். அது அவளுக்கே தெரிந்தது.

மேடையில் பிரேமலா இருவருக்கும் நன்றி சொன்னாள். திமோத்தியின் பெயர் முதலில் வந்தது. ஜாக்லின் அதையும் கவனித்தாள்.

மறுநாள் ஒரு தம்ப் டிரைவை எடுத்துக்கொண்டு பிரேமலாவின் அறைக்குப் போனாள். "டிஸ்க் தொறந்துருச்சு டாக்டர். உங்க பதிவு எல்லாம் இதுல இருக்கு."

பிரேமலா அதை வாங்கி மேசைமேல் வைத்தாள். "அது கெட்டுப்போகவே இல்லையேக்கா. அன்னைக்கே லைட்டு எரிஞ்சதே" என்றாள். குரலில் கோபம் இல்லை.

ஜாக்லின் கதவுப் பக்கம் திரும்பினாள்.

"நான் திமோத்திகிட்ட போனதுதானே காரணம்?"

"நான் ஒண்ணும் சொல்லலியே."

"அக்கா, அஞ்சு வருஷம் உங்க பக்கத்துல உக்காந்தேன். எனக்கு ஒரு வெட்டு போடத் தெரியல. நான் கை வெக்கறதுக்குள்ள நீங்க முடிச்சிடுவீங்க. நீங்க லீவுல போனா என் பாடம் நின்னுடும். அவன் உங்களைவிடக் கெட்டிக்காரன்னு போகல. அவன் சும்மா இருக்கான், அதனால நான் செய்றேன்."

ஜாக்லின் தன் அறைக்குத் திரும்பினாள். பிரேமலாமீது கோபம், திமோத்திமீது கோபம். 'எனக்கு நன்றி சொல்லத்தானே உனக்குத் தெரியும்' என்று மனசுக்குள் பலமுறை சண்டை போட்டாள். சண்டையில் பிரேமலா ஒவ்வொரு முறையும் அதையேதான் சொன்னாள்: எனக்கு ஒரு வெட்டு போடத் தெரியல.

அடுத்த வாரம் கணித விரிவுரையாளர் திருச்செல்வம் தன் பதிவோடு வந்தார். வழக்கம்போல் பக்கத்து நாற்காலியை இழுத்தார்.

"இங்க உக்காருங்க சார்" என்று ஜாக்லின் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தாள்.

"அலாமாக், நானா?" என்று பதறினார் அவர்.

அது அவளுக்குப் பெரிய வதை. வெட்ட வேண்டிய இடத்தைத் தாண்டிப் போவார், திரும்பி வருவார், மறுபடி தாண்டுவார். அவள் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். ஒரு முறை தாங்காமல் எட்டிப் பிடுங்கியும் விட்டாள். பிறகு மன்னிப்புக் கேட்டுத் திருப்பிக் கொடுத்தாள். மத்தியானம் ஆவதற்குள் அவர் ஐந்து வெட்டுகள் போட்டிருந்தார். சிறுபிள்ளைபோல் அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தார். இன்னும் சில முறை வந்தார். அதன்பின், "இனிமே வீட்டுலயே செஞ்சிக்கிறேன் ஜாக்லின்" என்று சொல்லிவிட்டு வருவதை நிறுத்திவிட்டார். அவர் வீட்டுக் கணினிமீதுகூட ஜாக்லினுக்குக் கொஞ்சம் எரிச்சல் வந்தது.

பிரேமலாவோடு கெண்டீன் மேசை மெல்ல மெல்லத் திரும்பியது. தினமும் இல்லை, வாரத்தில் ஒரு நாள். மாமியார் பேச்சு வந்தது. காணொலிப் பேச்சை இருவருமே எடுக்கவில்லை.

ஒரு நாள் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் திமோத்தி நின்றிருந்தான். ஜாக்லின் கேட்டாள்: "தம்பி, உங்ககிட்ட கத்துக்கிட்டவங்க திரும்பி வராங்களா?"

"எங்கக்கா. டாக்டர் பிரேமலாவே ரெண்டு மாசமா இந்தப் பக்கம் வரல. எல்லாம் அவங்களே செஞ்சிக்கிறாங்க." அவன் சிரித்தான். சிரிப்பு முழுசாக வரவில்லை.

அந்தச் செய்தி ஜாக்லினுக்கு இனித்தது. அது இனித்ததில் கொஞ்சம் வெட்கமும் இருந்தது. போத்தலை மூடிக்கொண்டே, "நான் கோப்பி குடிக்கப் போறேன். நீங்களும் வரீங்களா?" என்று கேட்டாள். அவன் வந்த இத்தனை மாதத்தில் அவள் அவனை எங்கும் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.