காரைத் தாழ்த்திய கதை

எங்கள் பக்கம் கார் வாங்குகிறவர்கள் முதல் வேலையாக ஸ்பிரிங் சுருளுக்கு நடுவே ரப்பர் கட்டையைச் செருகி வண்டியைத் தூக்கிவிடுவார்கள். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிப் பக்கம் போகிற கிராமத்துச் சாலைகளைப் பார்த்தால் காரணம் புரியும். ஊருக்கு ஊர் வேகத்தடை. பாதி அரசாங்கம் போட்டது, மீதி ஊர்க்காரர்கள் தாங்களாகவே போட்டுக்கொண்டது. அதனால் நான் என் காரைத் தாழ்த்தப் போகிறேன் என்று சொன்னபோது வீட்டில் யாருக்கும் விளங்கவில்லை.

"தாழ்த்தவா, தூக்கவா?" என்று என் வீட்டுக்காரர் திரும்பத் திரும்பக் கேட்டார்.

"தாழ்த்தத்தான்."

"அதுக்கு எதுக்கு ஸ்பிரிங்கு? டயர்ல காத்தை எறக்கிவிட்டாப் போதுமே."

அவர் சொட்டுநீர்ப் பாசனச் சாமான் கடை வைத்திருக்கிறார். எதையும் சிக்கனமாகத்தான் யோசிப்பார். நான் பாளையம்பட்டியில் பிசியோதெரபி கிளினிக் நடத்துகிறேன். நாள் பூராவும் இடுப்பு வலி, கழுத்து வலி, தண்டுவடத்தில் டிஸ்க் விலகல். பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து வந்தவர்களும், டூவீலரில் வேகத்தடையைப் பார்க்காமல் தாவியவர்களும்தான் பாதிப் பேர். அவர்களிடமெல்லாம் "குலுங்காம போங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டு, சாயங்காலம் நான் காரைத் தாழ்த்துகிற கட்டியான ஸ்பிரிங் தேடிக்கொண்டிருந்தேன்.

கார், கோயம்புத்தூரில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய சிவப்பு ஹேட்ச்பேக். உருவம் சின்னது, டர்போ இன்ஜின். மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். குறை என்று சொன்னால் ஒன்றுதான். நம் ஊர் ரோட்டுக்கென்று கம்பெனியே அதை உயரமாக்கி அனுப்பியிருந்தது. சக்கரத்துக்கும் மேலே இருக்கிற வளைவுக்கும் நடுவே என் நான்கு விரலும் தாராளமாகப் போகும். பந்தல்குடி தாண்டி தூத்துக்குடி ரோட்டில் வேகமெடுக்கும்போது பக்கவாட்டுக் காற்று அடித்தால் வண்டி லேசாக அசையும். வளைவில் திரும்பினால் ஒரு பக்கமாகச் சாயும். இவைதான் நான் வெளியே சொன்ன காரணங்கள். உள்ளுக்குள் இருந்த காரணம் அழகு. தரையோடு பதுங்கி நிற்கிற கார்களின் படங்களைப் பார்த்துப் பார்த்து, என்னுடையது குதிகால் செருப்பு போட்ட மாதிரி நிற்பதாகத் தோன்றிவிட்டது.

கோயம்புத்தூரில் இந்த வேலையே செய்கிற ஒர்க்‌ஷாப்காரரிடம் போனில் பேசினேன். "ரெண்டு வகை இருக்குதுங்க மேடம்" என்றார் அவர். "ஒண்ணு அதிகம் எறக்கும், பாக்க அப்படி இருக்கும். இன்னொண்ணு பாதிதான் எறக்கும். ஷாக் அப்சார்பர மாத்தாம ஸ்பிரிங்க மட்டும் மாத்துறதுன்னா நான் ரெண்டாவதத்தான் சொல்லுவேனுங்க. அந்த ஷாக்குக்கு மேலயும் கீழயும் போய்வர எடம் வேணுமில்லீங்களா? ரொம்ப எறக்கிட்டா, சின்னப் பள்ளத்துக்கே கடைசியில இருக்கிற ரப்பர்ல போய் முட்டிரும்."

எனக்கு நன்றாகவே புரிந்தது. இரண்டு எலும்புக்கு நடுவே இடைவெளி குறைந்தால் என்ன ஆகும் என்று தினமும் படம் போட்டு விளக்குகிறவள் நான். இருந்தாலும் ஆசை முதல் வகையின் மேல்தான் இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். இரண்டு வாரமாகியும் யோசித்து முடிக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் என் நாத்தனார் மகளுக்குக் காதுகுத்து வந்தது. திருச்சுழிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். என் வீட்டுக்காரர்தான் தாய்மாமன். அவர் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும், சீரும் அவர்தான் கொண்டுபோக வேண்டும். சொந்தக்காரர்கள் போக ஒரு வேன் பேசியிருந்தோம். கிளம்புகிற நேரத்தில் வேன் டிரைவர் போன் செய்தார். வண்டி பந்தல்குடியில் நின்றுவிட்டதாம், மெக்கானிக் வந்து பார்த்துக்கொண்டிருக்கிறாராம்.

மற்றவர்கள் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்கள். சீர்ச் சாமான்கள் வாசலிலேயே கிடந்தன.

"சீரு போகாம எப்பிடித்தா காது குத்துவாக?" என்றார் என் மாமியார். "உன் காரை எடு."

எடுத்தேன். பின்னால் பித்தளை அண்டா, அதற்குள் தேங்காய், அதைச் சுற்றி வெல்லமும் வாழைத்தாரும். டிக்கி மூடாததால் கயிறு போட்டுக் கட்டினோம். பின் சீட்டில் வீட்டுக்காரர், அவருடைய சித்தப்பா, சித்தி. மூன்று பேருமே நல்ல சாப்பாட்டுக்காரர்கள். ஆளுக்கொரு தட்டு மடியில். முன் சீட்டில் மாமியார், அவர் மடியில் பட்டுப்பாவாடைத் தட்டு.

கதவைச் சாத்திவிட்டுச் சுற்றி வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். கார் பதுங்கி நின்றது. பின் சக்கரத்தின் மேல் விரலை வைத்துப் பார்த்தேன், ஒரு விரல்தான் போனது. அந்த அதிகம் எறக்குகிற ஸ்பிரிங் போட்டால் இப்படித்தான் நிற்கும். அடேயப்பா, என்ன அழகு! போனை எடுத்து ஒரு படம் பிடித்தேன்.

"நேரமாகுது, இப்ப எதுக்குத்தா படம்?" என்று சித்தப்பா கண்ணாடி வழியாகத் தலையை நீட்டினார்.

முதல் வேகத்தடையிலேயே அடியில் 'கர்ர்ர்' என்றது. சித்தி "கருப்பா!" என்று கூப்பிட்டார். மாமியார் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சீட்டிலிருந்து லேசாக எழும்பிக்கொண்டார், தன் பாரத்தைத் தானே தூக்கினால் வண்டிக்குச் சுளுவாக இருக்கும் என்று. அடுத்த தடைக்கு வீட்டுக்காரரும் சித்தப்பாவும் இறங்கி நடந்து, தாண்டியதும் ஏறிக்கொண்டார்கள். அதன் பிறகு அதுவே வழக்கமாயிற்று. சீமைக்கருவேலங்காட்டு நடுவே பட்டு வேட்டி கட்டிய இரண்டு பேர் காருக்குப் பின்னால் நடந்து வருவதை, எதிரே ஆடு ஓட்டி வந்தவர் நின்று வேடிக்கை பார்த்தார்.

ஊர் எல்லைக்கு வந்தபோது மேளச்சத்தம் கேட்டது. தெருமுனையில் ஒரு வேகத்தடை. மற்றதெல்லாம் தார், இது சிமெண்ட். முதலை முதுகு மாதிரி செங்குத்தாக நின்றது. அதற்கு அந்தப் பக்கம் சம்பந்தி வீட்டார் மொத்தமும் எங்களை எதிர்பார்த்து நிற்கிறார்கள்.

"எறங்கிக்கிறோம்" என்றார் வீட்டுக்காரர்.

"வேணாம், உக்காருங்க. மாமன் சீர் கொண்டு வர்றவுக அவுக முன்னாடி நடந்தா வருவாக?"

மெதுவாகத்தான் ஏற்றினேன். முன் சக்கரம் தாண்டியது. அப்புறம் வண்டியின் வயிற்றில் 'தொம்' என்று ஒரு சத்தம். கார் அதன் மேலேயே படுத்துக்கொண்டது. ஆக்சிலேட்டரை மிதித்தால் சக்கரம் சும்மா சுற்றிப் புழுதி கிளப்பியது. மேளக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது.

நாத்தனாரின் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். குனிந்து பார்த்தார்.

"ஆத்தி! நான் போட்ட தடையிலயா மாட்டிக்கிட்டீக?"

"நீங்க போட்டதாண்ணே இது?" என்றேன்.

"கல்லு ஒடைக்கிற கிரஷர் லாரிக நிக்காமப் போறானுகன்னு நானும் கூட்டாளிகளும் சேந்து போட்டோம்."

"நல்லாத்தான் போட்டிருக்கீக. சீரே நின்னுபோச்சு."

யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லோருமே சிரித்தார்கள், என் மாமியாரும் சேர்த்து. கதவைத் திறந்து ஒவ்வொருவராக இறங்கினார்கள். அண்டாவை இரண்டு பேர் தூக்கினார்கள். பாரம் குறையக் குறைய, கார் பெருமூச்சு விடுவது போல மெல்ல மேலே எழும்பியது. கடைசித் தேங்காயும் இறங்கியபின் நான் கிளட்சை விட்டேன், தானாகத் தாண்டிப் போய்விட்டது. அதற்குள் சம்பந்தி வீட்டுப் பெண்கள் தட்டுகளை வாங்கிக்கொண்டார்கள். மேளம் வேகத்தடை வரைக்கும் வந்து, சீர் வரிசை அங்கிருந்தே கிளம்பியது. நாங்கள் திட்டம் போட்டிருந்தால்கூட அவ்வளவு ஜோராக அமைந்திருக்காது. காதுகுத்து நல்ல நேரத்திலேயே நடந்தது. மருமகள் அழுத அழுகையில் தாய்மாமன் சட்டைப் பட்டன் ஒன்று போனது.

நான் அப்போதும் காரின் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். கைக்குட்டையைத் தரையில் விரித்து முட்டி போட்டு அடியில் பார்த்தேன். நீளமாக ஒரு கீறல், வேறொன்றும் இல்லை. இறங்கிக்கொள்ள அன்றைக்கு நான்கு பேரும் ஓர் அண்டாவும் இருந்தார்கள். அந்த ஸ்பிரிங்கைப் போட்டுவிட்டு நான் மட்டும் தனியாக வந்தால், இறங்குவதற்கு வண்டியில் யார் இருக்கப் போகிறார்கள்? சிரிப்பும் வந்தது, கொஞ்சம் துக்கமாகவும் இருந்தது. போனில் இருந்த படத்தை இன்னொரு முறை பார்த்துக்கொண்டேன்.

கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு வேப்பமரத்தடியில் நின்று கோயம்புத்தூருக்குப் போன் போட்டேன். "பாதி எறக்குறதே அனுப்புங்க."

"சந்தோசமுங்க" என்றார்.

மதுரையில் ஓர் ஒர்க்‌ஷாப்பில் மாட்டினார்கள். புது ஸ்பிரிங் ஒரு முனையில் நெருக்கமாகவும் மறுமுனையில் விரிந்தும் சுற்றியிருந்தது. சின்ன மேடுபள்ளத்தில் நெருங்கிய சுருள் முதலில் அமுங்கும், பெரிய அதிர்ச்சியை மீதி தாங்கும் என்றார் மெக்கானிக். அலைன்மென்ட் பார்த்து முடித்துக் காரை வெளியே எடுத்தபோது ஏமாற்றமாக இருந்தது. பெரிய மாற்றமே தெரியவில்லை.

"எங்கே தாழ்ந்திருக்கு?" என்றார் வீட்டுக்காரர்.

"ஓட ஓடத்தான் படியுமாம்" என்றேன், நானே நம்பாத குரலில்.

ஆனால் ரிங் ரோட்டில் திரும்பும்போதே தெரிந்துவிட்டது. முன்பு சாய்ந்த இடத்தில் கார் சாயவில்லை, ஸ்டீயரிங் சொன்ன பக்கம் அப்படியே போனது. ஒரு மாதம் ஓடியபின் சக்கரத்தின் மேல் இரண்டு விரல்தான் போனது. வேகத்தடைகளில் முன்னைவிடக் கொஞ்சம் கட்டியாகத்தான் ஏறி இறங்குகிறது, ஆனால் உரசுவதில்லை. "இடுப்புல குத்துது, ஆனா தலை ஆடல" என்பது என் மாமியாரின் தீர்ப்பு. இவ்வளவு படித்தும் அதைவிடச் சரியான ரிப்போர்ட் என்னால் எழுதமுடியாது.

நாத்தனார் வீட்டு அண்ணன் அந்தத் தடையின் இரண்டு பக்கமும் சிமெண்ட் பூசிச் சரிவாக்கிவிட்டார். என் காருக்காக இல்லையாம், பால்வண்டிக்காரர் சண்டைக்கு வந்தாராம்.

அதுவரைக்கும் அந்தக் காரின் ஸ்டீயரிங்கைத் தொடாத என் வீட்டுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பந்தல்குடி வரைக்கும் டீ குடித்துவிட்டு வரலாமா என்று சாவியைக் கேட்டார். முதல்முறையாக நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். அருப்புக்கோட்டை தாண்டி நாலுவழிச் சாலையில் ஏறினோம். வலப்பக்கமிருந்து நல்ல காற்று. ஒரு லாரியை முந்திப்போனார், வண்டி அசையவில்லை. அவர் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு பரவியதைப் பார்த்தேன். டீக்கடை வந்தது, நிறுத்தாமல் போய்க்கொண்டே இருந்தார்.

"கடை போயிருச்சுங்க" என்றேன்.

"அடுத்த கடையில குடிச்சுக்கிடலாம்" என்றார், கியரை மாற்றிக்கொண்டே.